வால்வு அருகே நின்றவன்

“கிருமியைக் கொல்லத்தானே மருந்து ஊத்தறீங்க? அப்புறம் கிருமி செத்துப்போச்சுன்னு ஏம்மா அழறே?” என்று மகள் மதுவந்தி சின்னவளாக இருந்தபோது கேட்டாள். அனந்தலக்ஷ்மி சிரித்துவிட்டாள். ஹவுராவில் ஒரு பழச்சாறு ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்வது அவள் பொறுப்பு. அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைப்பதே தொட்டியில் வாழும் கிருமிகள்தாம். பாட்டில் கூடத்தைக் கழுவிய கிருமிநாசினி மொத்தமாக வந்து விழுந்தால் அவையும் மடிந்துபோகும்.

இப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. தெளிந்த நீரை, ஆலை இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கு மறுபடி அனுப்பத் தொடங்கியதிலிருந்தே தொட்டி கறுத்து நாறியது.

அவளுடைய சந்தேகம் கூடத்தைக் கழுவும் கிரிதர் மேல். ஷிப்ட் முடிந்து எல்லோரும் படகைப் பிடிக்க ஓடுவார்கள். அவன் மட்டும் வடிகால் வால்வருகே நிற்பான். யாராவது வந்தால் சட்டென்று கையை எடுத்துக்கொள்வான்.

“வீட்டுக்குப் போகலியா கிரிதர்?”

“போனா பொண்டாட்டி காய் நறுக்கச் சொல்லுவா, தீதி” என்று சிரித்தான்; அக்கா என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கள்ளச் சிரிப்பாகவே பட்டது. சந்தேகம் குடியேறிய மனசில் தெய்வத்துக்கே இடம் கிடைக்காது, மனுஷனுக்கு எங்கே கிடைக்கும்? மேலாளர் சிவராஜிடம் சொல்லிவிட்டாள்.

“துர்கா பூஜைக்கு முன்னாடியே ஆளை வேலையை விட்டு அனுப்பிடலாம்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டில் கூடம் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து ஒரு சொட்டு வரவில்லை. இருந்தும் தொட்டிக்குள் விழும் நீரில் சோதனைத் தாள் நிறம் மாறியது. குளோரின்! கிரிதர் ஊற்றுவதோ காடி வாசம் அடிக்கும் வேறு மருந்து. அந்த நீர் வரும் குழாயைத் தொட்டபடியே நடந்தாள். அது குளிர்விப்புக் கோபுரத்தடியில் போய் நின்றது. பாசி பிடிக்காமலிருக்க அங்கே குளோரின் கலப்பார்கள். அங்கே வெளியேற்றும் நீரும் வீணாகக் கூடாதென்று தொட்டிக்குத் திருப்பச் சொன்னவள் அவளேதான்.

மறுநாள் கிரிதரையே கேட்டாள். “அப்போ வால்வுகிட்ட என்னதான் பண்றே?”

“ஒரேடியா தொறந்தா உங்க கிருமி செத்துடுமே தீதி. கொஞ்சம் கொஞ்சமா விடறேன். சீக்கிரம் காலி பண்ணுடான்னு சூப்பர்வைசர் கத்துவாரு, அதான் திருட்டுத்தனமா.”

அவள் நேரே சிவராஜிடம் போனாள். “தப்பு என் குழாயில சார். அவனை அனுப்பாதீங்க.” அவர் முகம் சுளித்தார், ஆனால் தலையசைத்தார். தன் வேலை போகவிருந்தது கிரிதருக்குத் தெரியவே இல்லை.

அஷ்டமியன்று அவன் மனைவியோடு கிடர்பூரில் துர்கைக்குப் புஷ்பாஞ்சலி செலுத்தப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவன் கூடத்தைக் கழுவிவிட்டுக் கிளம்பினான். “வால்வை நான் பாத்துக்கறேன்” என்று அவனை அனுப்பிவிட்டு, ஆளில்லாத கூடத்தில் அனந்தலக்ஷ்மி கைப்பிடியை ஒரு நூல் அளவு திருப்பினாள். எங்கோ தாக் மேளம் முழங்கியது. காடி வாசம் கண்ணைக் கரித்தது. நீர் முழுதும் மெல்ல வடியும்வரை நின்றாள். பிறகு வால்வை மூடி, கையைக் கழுவிக்கொண்டு, படகுத்துறைக்கு நடந்தாள்.