மரியோலாவின் ஓட்டு

ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வண்டி ஓட்டும் கிளிட்டஸுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே டியூட்டி முடிந்துவிட்டது. ஆனால் போலந்துக்கார இன்ஜினியர் மரியோலா, தோஹாவில் இருக்கும் தங்கள் தூதரகத்தில் ஓட்டுப் போட வேண்டும், கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார்.

"அவ்வளவு முக்கியமான தேர்தலா, மேடம்?" என்றான் வழியில்.

"இப்போதைய அரசாங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கிறது. அவர்களே திரும்ப வந்தால் விரிசல் பெரிதாகும். என் மகள் ஜெர்மனியில் குடும்பம் நடத்துகிறாள். எல்லோரும் ஒன்றாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி."

தூதரக வாசலைத் தாண்டி வரிசை நீண்டிருந்தது. கிளிட்டஸ் வீட்டிலிருந்த மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"ரெபேக்காள், நான் வர நேரமாவும். ஒரு அம்மா ஓட்டுப் போட நிக்கியாவ."

"நமக்கு ஊருக்குப் போனாத்தான் ஓட்டு. அவியளாவது போடட்டும். இருந்தே கூட்டிட்டுப் போங்க."

இரண்டு மணி நேரம் கழித்து மரியோலா சிரித்த முகத்தோடு வந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரே கிளிட்டஸைத் தேடி வந்தார். ஐரோப்பாவோடு இணங்கிப்போக நினைக்கும் கட்சிகளுக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. அவர் போனதும் கிளிட்டஸ் போனை எடுத்தான்.

"ரெபேக்காள், நம்ம ஆளுவ ஜெயிச்சாச்சு."