உயிருள்ள கடதாசி

2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, பதினாறு வருடங்களாகக் காணாமற்போயிருந்த பிரவீணனின் புகைப்படம் இரண்டு தரம் கண் சிமிட்டி, கேட்டபடி இடப்பக்கம் திரும்பி, பிறகு தலையையும் ஆட்டியது. அன்று மருதனார்மடச் சந்தையில் சின்ன வெங்காயம் மலிந்து கிடந்தது. ஆஞ்சநேயர் கோயிலில் வழக்கமான செவ்வாய்க்கிழமைக் கூட்டம். சந்திக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடிக் கந்தோரில், வேலைக் கணினிக்கு முன்னால் இருந்து அதைப் பார்த்தவள் பிரவீணனின் கூடப் பிறந்த அக்கா தயாளினி. பார்த்ததை அவள் பிற்பாடு ஒருநாளும் மறுத்ததில்லை. அதற்குப் பிறகு தான் செய்ததையும் மறுத்ததில்லை.

அந்தக் கந்தோர் அங்கே வந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஒழுங்கு வந்தது. உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தரம் கைத்தொலைபேசிக்கு முகத்தைக் காட்டித் தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பதிய வேண்டும்; பதியாதவரின் பெயர் குடும்பப் பட்டியலில் இருந்து வெட்டப்படும். காட்டுவது மெய்யான முகமா, அல்லது யாராவது ஒரு படத்தைப் பிடித்து ஏய்க்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு கம்பனி எங்கோ குளிர்தேசத்தில் இருந்து ஒரு இயந்திரத்தை வாங்கி வந்தது. கண்ணைச் சிமிட்டு, இடப்பக்கம் திரும்பு என்பது வரைக்கும் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. கடைசியாக அது 'ஓம் என்று தலையசைக்கவும்' என்று கேட்டது. குடாநாட்டுச் சனம் ஓம் என்பதற்குப் பிறந்த நாள் தொடக்கம் எப்படித் தலையாட்டி வந்ததோ அப்படியே, ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்குச் சரித்துச் சரித்து ஆட்டியது. மேலும் கீழுமாக அசைவது மட்டுந்தான் ஓம் என்று படித்து வைத்திருந்த இயந்திரம், முதல் மாதத்திலேயே வலிகாமத்தில் முக்கால்வாசிப் பேரையும் தென்மராட்சியில் பாதிப் பேரையும் போலி என்று தள்ளிவிட்டது. மயிலிட்டியில் வள்ளமும் வலையும் வைத்திருந்த கிறகோரி என்ற சம்மாட்டியார் நான்கு தரம் போலியாகி, ஐந்தாம் தரம் கைத்தொலைபேசியைத் துறைமுகத்துக்குள் வீசினார். இயந்திரத்துக்குப் படிப்பிப்பதைவிட ஆட்களை வைப்பது சுகம் என்று கம்பனி கண்டது. அது தள்ளிய முகங்களைத் திருப்பிப் பார்க்க, நாங்கள் எப்படித் தலையாட்டுவோம் என்று தெரிந்த பதினொரு பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு முகத்துக்கு எட்டு விநாடி, அதற்குக் கீழே 'உயிர்' என்றும் 'போலி' என்றும் இரண்டு பெட்டிகள்; ஒன்றை விரலால் அமத்தவேண்டும்.

பதினொரு பேரிலும் தயாளினிதான் கெட்டிக்காரி. கடதாசிப் படத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் வெளிச்சம் ஒரே மாதிரித்தான் விழும் என்பதும், இன்னொரு போனின் திரையைப் பிடித்துக் காட்டினால் முகத்தில் மெல்லிய வரிகள் ஓடும் என்பதும், உயிருள்ள தோலில் நாடி அடிக்கிற ஒவ்வொரு தரமும் மிக லேசாக நிறம் மாறும் என்பதும் அவளுக்கு மூன்றே கிழமையில் பிடிபட்டன. குருநகரில் லியோன் என்பவர், கனடாவில் இருக்கிற தம்பியின் பெயர் வெட்டுப்படக் கூடாதென்று, தம்பியின் கலியாணப் படத்தில் கண்ணிரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு உள்ளே தன் கண்ணை வைத்துச் சிமிட்டினார். தம்பிக்கு அறுபத்தைந்து வயதுக்காரரின் கண் எப்படி வந்தது என்று தயாளினி மூன்றாவது விநாடியில் கேட்டுவிட்டாள். செத்த தகப்பனைக் காட்டியவர்களையும் அவள் விட்டது கிடையாது. மூன்று வருடத்தில் அவள் அமத்திய ஒரு பெட்டிகூடப் பிழையானதில்லை. கந்தோரைப் பார்க்கிற டிலக்ஷன், இருபத்தாறு வயதுப் பெடியன், அவளைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவான். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. வேறு பெருமைப்பட அவளுக்கு என்ன கிடந்தது?

பிரவீணன் அவளுக்கு நேரே இளையவன். கடைசிச் சண்டைக் காலத்தில் சனத்தோடு சனமாக நடந்து வந்துகொண்டிருந்தவன், கலியாணம் முடித்து எட்டு மாதமேயான மனைவி பிரசாந்தியிடம், போத்தலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாறன் என்று சொல்லிப் போனான். அவ்வளவுதான். பிரசாந்தி சாவகச்சேரியில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்து, அவன் அடையாள அட்டைக்கென்று எடுத்த படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை, முன்னால் விளக்கும் ஏற்றவில்லை. அதெல்லாம் செத்தவர்களின் படத்துக்குச் செய்வது. தன் நெற்றியில் மட்டும் குங்குமத்தை ஒரு நாளும் தவறாமல் வைத்தாள். இரண்டாம் வருடம் படத்தில் தாடி முளைத்தது. ஏழாம் வருடம் காதோரம் இரண்டு நரை. ஒரு ஐப்பசியில் இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுக்காயம் தோன்றியது. பிரசாந்தி கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் அரைத்துப் பூசினாள். மூன்று கிழமையில் ஆறி வடுவாயிற்று. அயலில் எல்லாருக்கும் இது தெரியும். எங்கேயோ ஒரு இடத்தில் ஆள் இருக்கிறான், ஆனால் நல்லாக இல்லை என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தயாளினிதான் ஒத்துக்கொள்ளவில்லை. மழை ஈரத்துக்குப் பழைய படம் கறுக்கிறது என்றாள். அந்த வீட்டுக்குப் போனால் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் கதிரையைப் போடுவாள்.

ஊர்ப் பட்டியலை வைத்திருக்கிற அரசாங்க விதானை அருளம்பலம் இளகின மனசுக்காரர். முதல் இரண்டு வருடமும் பிரவீணனின் பெயருக்கு நேரே 'தற்காலிகமாக வெளியூர்' என்று எழுதிச் சமாளித்தார். மூன்றாம் வருடம் படிவத்தில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பங்குனி முடிவதற்கு முதல் முகம் காட்டாவிட்டால் பெயர் போய்விடும், தன் கையில் ஒன்றுமில்லை என்று அவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பட்டியல் ஒன்றில்தான் பிரவீணன் இன்னும் ஒரு ஆளாக இருந்தான். பிரசாந்தி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் குளித்து, படத்தைச் சுவரில் இருந்து இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, மடியில் நிறுத்தி, கேட்கிறதுக்கு எல்லாம் வடிவாய்ச் செய்யுங்கோ என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் போனை முன்னால் பிடித்தாள்.

தயாளினி முதலில் கண்டது கடதாசியின் விளிம்பை. இரண்டாவதாக, அதைப் பிடித்திருந்த கையில் தான் கலியாணத்துக்குப் போட்டுவிட்ட காப்பை. அதற்குள் எட்டு விநாடியும் முடிந்துவிட்டது. அவள் திருப்பி ஓடவிட்டாள். கடதாசி அசையவில்லை, அதன் நான்கு மூலையும் கல்லில் வைத்த மாதிரி நின்றன. உள்ளே இருந்த முகம் கண்ணைச் சிமிட்டியது. திரும்பியபோது மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்தது. புருவத்து வடு தெரிந்தது. ஓம் என்று கேட்டதற்கு, சின்ன வயதில் களவாய் மாங்காய் தின்றாயா என்று கேட்டால் ஆட்டுவானே, அதே மாதிரி, வலத்தோளில் கொஞ்சம் கூடுதலாகச் சரித்து ஆட்டினான். தோலில் நாடி ஓடியது. அவள் எண்ணிப் பார்த்தாள். எட்டு விநாடிக்குப் பத்து.

விளங்காத முகத்தைக் கால் மணித்தியாலம் நிறுத்தி வைக்கலாம் என்று விதி இருந்தது. அவள் டிலக்ஷனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து மூன்று தரம் பார்த்தான். யாருடைய படம் என்று அவள் சொல்லவில்லை.

"அக்கா, ஆள் உயிரோடைதான் இருக்கிறார். ஆனால் கடதாசியிலை எல்லோ இருக்கிறார்? உயிருள்ள கடதாசிக்கு எங்களிட்டைப் பெட்டி இல்லை."

"அப்ப என்ன அமத்திறது?"

"உங்கடை பேரிலைதானே வந்தது. நீங்கள்தான் பாத்து அமத்தவேணும்," என்று சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

தயாளினி பன்னிரண்டு நிமிடம் அந்த முகத்தோடு இருந்தாள். பிறகு 'போலி' என்பதை அமத்தினாள். விதி அதுதான் என்று அன்றைக்குத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்று வருடப் பெயர் கெட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் உண்மை அதுவல்ல. உண்மை என்னவென்றால் அவள் களைத்துப் போயிருந்தாள். எத்தனை விசாரணை, எத்தனை படிவம், எத்தனை சாத்திரக்காரர், வருவான் வருவான் என்று எத்தனை வருடம். இருக்கிறான் என்றால் இன்னும் தேட வேண்டும். எங்கே, எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொரு நாளும் நினைக்க வேண்டும், அந்தப் புருவத்து வெட்டை யார் போட்டது என்று நினைக்க வேண்டும். செத்துவிட்டான் என்றால் ஒரு தரம் வாய்விட்டு அழுதால் போதும். அவள் அந்த ஒரு தரத்தைத்தான் தெரிந்தெடுத்தாள். பாவி.

பெட்டியை அமத்திய அதே நிமிடம், சாவகச்சேரியில் பிரசாந்தியின் மடியில் இருந்த படத்தில் நரை மறைந்தது, தாடி மறைந்தது, வடு மறைந்தது. இருபத்துமூன்று வயதுப் பெடியன் ஒருவன் கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் இருந்தான். பின்னேரம் பிரசாந்தி தயாளினிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், உங்கை உங்கடை கந்தோரிலை ஆரோ இவரைப் போலி எண்டு போட்டிட்டினம். ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. நான் வந்து அவவோடை கதைக்கிறன். நல்லபடியாத்தான் கதைப்பன்."

ஞாயிற்றுக்கிழமை தயாளினி பஸ் ஏறிப் போனாள். சுற்றி வளைக்காமல், வாசற்படியில் நின்றபடியே, நான்தான் என்று சொன்னாள். பிரசாந்தி கத்தவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அவர் தலையாட்டினதைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"கண்டாப் பிறகோ அமத்தினனீங்கள்?"

தயாளினி ஓம் என்று தலையாட்டினாள். பிரசாந்தி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போட மறந்துவிட்டாள், மற்றவளும் கேட்கவில்லை. தயாளினி எண்ணியிருந்த அழுகை அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவேயில்லை.

சித்திரை மாதம் விதானை வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெயரைச் சிவப்பு மையால் வெட்டினார். அன்றில் இருந்து பிரசாந்தி மெலியத் தொடங்கினாள். சாப்பாடு குறைந்து மெலிகிற மெலிவு அல்ல. நேரே பார்த்தால் பழைய பிரசாந்திதான், பக்கவாட்டில் பார்த்தால் வரவர ஒடுங்கி, வைகாசி முடிய வெறும் ஒரு கோடு. சந்தைக்குப் போகிற பஸ்ஸில் நடத்துநர் ஆளைக் காணாமல் கதவைச் சாத்தினான். ஆசுபத்திரியில் மருந்துத் துண்டு எழுதி, சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். சனம் இரண்டு கிழமை அதையே கதைத்தது. பிறகு கோயில் திருவிழா வந்துவிட்டது.

ஆடியில் பிரசாந்திக்குத் தன் முகம் காட்டுகிற முறை வந்தது. இயந்திரம் தள்ளிவிட்டது. அந்த எட்டு விநாடியும் மற்றப் பத்துப் பேரையும் விட்டுத் தயாளினிக்கே வந்து சேர்ந்தது. பிரசாந்தி கேட்டதெல்லாம் செய்திருந்தாள். சிமிட்டினாள், திரும்பினாள், தலையாட்டினாள். ஆனால் திரும்பியபோது மூக்கின் நிழல் விழவில்லை. தோளைச் சுற்றி நூலளவு வெள்ளை விளிம்பு. நெற்றிக் குங்குமம் மேலே வைத்ததாக இல்லை, அச்சில் விழுந்ததாக இருந்தது. தயாளினி நாடியை எண்ணினாள். எட்டு விநாடிக்கு ஒன்றுமில்லை. திருப்பி ஓடவிட்டு எண்ணினாள். ஒன்றுமில்லை. அவளுடைய கண்ணுக்குப் பிழை விடத் தெரியாது. இது போலி என்று எந்தக் கோயிலிலும் அவள் சத்தியம் பண்ணியிருப்பாள். அவள் 'உயிர்' என்பதை அமத்தினாள். பின்னால் நின்ற டிலக்ஷன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

இப்போது பட்டியலின்படி பிரசாந்தி உயிரோடு இருக்கிறாள். சமைக்கிறாள், முற்றம் கூட்டுகிறாள், அரிசி வாங்கப் போகிறாள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் கவனம் வேண்டும். போன ஆவணியில் ஒருநாள் காற்று அவளைத் தூக்கிப் பக்கத்து வளவு வேலியில் போட்டுவிட்டது. பனையோலையில் கிழிந்த காதோரத்தைக் கோபிகா என்ற அயல்வீட்டுப் பெண் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டாள். தயாளினி ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள். போனதும் முதலில் யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுத்தான் கதைக்க இருப்பாள்.