நடைவழிக்குப் போன ஈசிஜி மிஷின்

தையல்காரரின் இதயம் நின்றுபோகும்போதெல்லாம் அவர் இருந்த அறையில் ஓடிக்கொண்டிருந்த பொருள்களும் நின்றுபோயின. மின்விசிறி, கடிகாரம், குழாயிலிருந்து பாதி இறங்கிய தண்ணீர் எல்லாம்தான். மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது. சற்றைக்கெல்லாம் இதயம் துடிக்கும், விசிறியும் சுற்றும். கல்யாணமான புதிதில் மிரண்டுபோன அவர் மனைவி பிறகு பழகிக்கொண்டாள். கடையும் சமையலும் ஒரே அறையில் என்பதால், பொங்கிய பால் பாத்திர விளிம்பில் அப்படியே நிற்கும். இவள் சாவகாசமாக வந்து இறக்கிவைப்பாள். துணி கொடுக்க வந்தவர்கள் கரண்ட் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்கள். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள்.

வயது ஏற ஏற நிறுத்தம் நீண்டது. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே தையல்காரர் மயங்கிக் குப்புற விழுந்தார். மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மார்பிலும் கைகால்களிலும் ஒயர் மாட்டி எடுத்த ஈசிஜி தாளில் துடிப்புகள் ஒழுங்காக இருந்தன. ஒயரோடு படுத்திருந்தபடியே அவர் மயங்கிய அன்றுகூடத் தாளில் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாரோ மாட்டாரோ என்று அவள் பயந்தாள். அடுத்த முறை ஒயரோடு அவர் மயங்கியபோது பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"அவர் நின்னா உங்க மிஷினும் கூடவே நிக்குது டாக்டர். அப்புறம் எப்படிக் காட்டும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல் விசிறி நின்றிருந்தது. கதவுக்கு வெளியே நடைவழியில் இருந்த விசிறி ஜோராகச் சுற்றியது. உடனே மிஷினை நடைவழிக்குத் தள்ளச் சொல்லி, நீளமான ஒயர்களைக் கதவிடுக்கில் இழுத்துவிட்டார். மறுபடி மயக்கம் வந்தபோது உள்ளே எல்லாம் நின்றது, வெளியே தாள் ஓடியது. இதயத்தின் மேலறை கூப்பிடும் சின்ன மேடுகள் வரிசையாக விழுந்தன. கீழறை பதில் கொடுக்கும் கூர்முனையை மட்டும் காணவே காணோம். அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தார். "இன்னைக்கே பேஸ்மேக்கர் வெச்சிடணும்மா," என்றார்.

வைத்தார்கள். அதன்பின் எடுத்த ஈசிஜியில் கூர்முனை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேஸ்மேக்கரின் மெல்லிய கோடு ஒன்று காவல் நின்றது. வீடு திரும்பிய மறுநாள் மனைவி வழக்கம்போல அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது பால் பொங்கி, அடுப்பை அணைத்து, தரையெல்லாம் வழிந்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்று அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

"என்ன அது, கருகின வாசம்?" என்றார் தையல்காரர், மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்ல. நீங்க தைங்க."

அவர் தைத்தார். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.