மூன்று விரல் இல்லாத காலுக்கு ஒரு மேசு

பேச்சியம்மாவுக்குக் கைவிரல்கள் மடங்க மறுத்த வருஷமும், அவள் புருஷன் மாயாண்டிக்கு வலது காலில் மூன்று விரல் போன வருஷமும் ஒன்றே. ஐம்பத்து நான்காம் ஆண்டு அது. இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே, மேகம் இறங்கி வந்து தகரக் கூரையில் உட்காருகிற ஒரு தோட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஈரக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, அவளுடைய விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகியிருந்தன. காலையில் எழுந்து கையை மூடினால் நடுவில் ஒரு கோழிமுட்டை வைக்க இடம் மிஞ்சும். அதற்காக அவள் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. "கை மடங்கலேன்னா என்ன, கொழுந்து ஒடியுதில்ல" என்பாள்.

மாயாண்டி கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைச் சாய்வாக, பட்டை கிழியாமல் ஒரே வீச்சில் வெட்டுவதில் அந்த டிவிசனில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடி மாதத்து மழையில் சரிவில் கால் வழுக்கியது. வீசிய கத்தி செடியை விட்டுவிட்டுக் காலில் இறங்கிவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, பெருவிரலும் அதை அடுத்த இரண்டும் இல்லாமல் புரட்டாசியில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய இடத்துத் தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. வெறுங்காலைக் கல்லில் வைத்தால் கிழியும். தோட்டத்து மருந்துக் காம்பராவில் மருந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் தம்பு ஐயா தன் பழைய தோல் சப்பாத்து ஒரு சோடியைக் காலுக்குக் கொடுத்து, "முன்னுக்குத் துணியை அடைஞ்சுபோட்டு நடந்து பாரும்" என்றார். மாயாண்டி நடந்து பார்த்தான். தண்ணீர்ப் பீலி வரைக்கும் போவதற்குள் துணி உருண்டு திரண்டு தோலை அறுத்துவிட்டது. மறுநாளும் ரத்தம். மூன்றாம் நாள் சப்பாத்தைக் காலாலேயே மூலைக்குத் தள்ளிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

ஐப்பசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி கங்காணி வந்தார். வாசலிலேயே நின்று பேசினார்.

"மாயாண்டியண்ணே, நாத்துமேடைக் காவலுக்குத் தொர ஆள் கேக்குறாரு. ஒக்காந்து பாக்குற வேலதான். ஆனா மலைய ஏறி வந்தாகணும். கார்த்திக மொத நாள் காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நீங்க வந்து நின்னா ஒங்க பேரச் சொல்லுவேன். நிக்கலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மாயாண்டி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அடுப்படியிலிருந்து பேச்சியம்மாதான் பதில் சொன்னாள்.

"வந்து நிப்பாரு கங்காணி. தொரகிட்ட இப்பவே சொல்லிருங்க."

கங்காணி போனதும் மாயாண்டி எழுந்து உட்கார்ந்தான். "எத வச்சுப் புள்ள நிக்கச் சொல்ற?"

"மேசு போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

துரைமார் சப்பாத்துக்குள் போடுகிற காலுறையைத் தோட்டத்தில் மேசு என்பார்கள். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் பேச்சியம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தவள். துரைசாணி அவளுக்குக் கம்பளி நூலில் மேசு பின்னக் கற்றுக் கொடுத்திருந்தாள். அரைக்கால்சட்டைக்குக் கீழே துரை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொள்கிற நீள மேசுகளில் பாதி, பேச்சியம்மா பின்னியவை. அதில் தையல் என்பதே கிடையாது. வேண்டிய இடத்தில் தடிப்பாக்கலாம், வேண்டாத இடத்தில் குறைக்கலாம், விரல் இல்லாவிட்டால் விரலுக்கு முன்னாலேயே மூடிவிடலாம். கடையில் விற்கிற மேசு விரலுள்ள காலுக்குத்தான் ஆகும்.

அவளுடைய தகரப் பெட்டியில் நாலு இரும்பு ஊசிகள் இருந்தன. சீமைக்குப் போகும்போது துரைசாணி கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக் கம்பளிச் சட்டையும் இருந்தது. அன்று மத்தியானமே அந்தச் சட்டையின் இரண்டு கைகளையும் பிரித்து நூலாகச் சுற்றினாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கைய வச்சுக்கிட்டா?"

"வேற கை வர்ற வரைக்கும் இதுதான் வீரம்மா."

ஆனால் பின்ன முடியவில்லை. ஈர்க்கு மாதிரி இருந்த இரும்பு ஊசி விரலுக்கு அகப்படவே இல்லை. நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தால் மறுபக்கம் நாலு கண்ணி கழன்று போயிருந்தது. மூன்று சுற்றுப் பின்னுவதற்குள் கட்டைவிரல் மூட்டிலிருந்து முழங்கைவரை நெருப்பாக எரிந்தது. பேச்சியம்மா ஊசிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு மூடினாள். சுவரில் சாய்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையால் விளக்குமாறு பிடிக்க முடிகிறது. அகப்பை பிடிக்க முடிகிறது. கூடையைத் தூக்க முடிகிறது. கைக்கு ஆகாதது மெல்லிசான சாமான்தான் என்று அவளுக்குப் பட்டது.

"இந்தாங்க, எனக்குத் தேயிலைக் கட்டையில நாலு குச்சி சீவிக் குடுங்க. சுண்டுவெரல் மொத்தம் இருக்கணும். ரெண்டு மொனையும் கூரா இருக்கணும்."

"எதால சீவ?"

"கத்தியாலதான்."

மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கவ்வாத்துக் கத்தி கதவுக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது. அடிபட்ட நாளில் யாரோ கழுவிக் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை.

"அத எடுக்க மாட்டேன்."

"அது மேல என்ன கோவம்? மழ பேஞ்சுச்சு, கால் வழுக்குச்சு. கத்தி என்ன செய்யும்?" அவளே கத்தியை உருவி எடுத்து, விறகிலிருந்து நேரான நாலு தேயிலைக் கொம்புகளையும் பொறுக்கி, அவன் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

திரும்பி வரும்போது வாசலிலேயே சீவுகிற சத்தம் கேட்டது. அவள் குடத்தை இறக்கி வைத்தாள். மறுநாள் வேலை விட்டு வந்தபோது நாலு குச்சிகள் அடுப்பு ஓரத்தில் வரிசையாக இருந்தன. கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவி, வழவழவென்று ஆக்கியிருந்தான்.

அவற்றைப் பிடிக்க முடிந்தது. விரலால் அல்ல, முழுக் கையால். ஒரு குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மற்றதை உளி பிடிப்பது போலப் பிடித்தாள். உட்காரும் முன் வெந்நீரில் ஐந்து நிமிஷம் கையை வைத்து எடுத்தால் அரைமணி நேரம் மூட்டுகள் சொன்னபடி கேட்டன. அந்த அரைமணியில் ஆனதைப் பின்னிவிட்டு நிறுத்திவிடுவாள். தடித்த குச்சிக்குத் தகுந்தபடி கண்ணிகளும் பெரிதாகவே விழுந்தன. அவற்றை இறுக்க விரலில் பலம் இல்லை. தீபாவளி கழிந்த எட்டாம் நாள் மேசு முடிந்தது.

மாயாண்டி போட்டுப் பார்த்தான். மேசு காலில் தொளதொளவென்று தொங்கியது. கண்ணிக்குக் கண்ணி அவன் தோல் தெரிந்தது. சப்பாத்துக்குள் விட்டு நாலடி வைத்ததும், துணி உருண்ட மாதிரியே இதுவும் உருண்டது.

"இதக் கொண்டுபோயி ஆத்துல போட்டா மீனு புடிக்கலாம் புள்ள" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அடிபட்டதற்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். அதனால் பேச்சியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் மலைக்குப் போன பிறகு மாயாண்டிக்கு மனசு உறுத்தியது. மூன்று வாரம் அந்தக் கையோடு அவள் பட்ட பாட்டை அவன் பக்கத்திலிருந்து பார்த்தவன். மேசில் குச்சியின் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அதையாவது வெளுத்து வைப்போம் என்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெந்நீரைக் கொதிக்கவிட்டு, பார் சோப்பைச் சீவிப் போட்டு, மேசு முழுவதையும் அதில் அமுக்கிக் கழியால் குத்தினான். பிறகு வாசல் கல்லில் வைத்து நன்றாக அடித்துத் துவைத்தான்.

பேச்சியம்மா வந்து பார்த்தபோது கொடியில் பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற மேசு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"கறையா இருந்துச்சு, தொவச்சேன்" என்றான் மாயாண்டி. "அது இப்புடி ஆயிருச்சு."

அவள் கூடையைக்கூட இறக்கவில்லை. "கம்பளிய யாராச்சும் கொதிக்கிற தண்ணியில போடுவாங்களா? பங்களாவுல இதுக்குத்தானே எனக்கு அம்புட்டு ஏச்சு விழுந்துச்சு" என்றவள், அதைக் கொடியிலிருந்து பிடுங்கினாள். அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தாள்.

ஆனால் கை அதை விடவில்லை. ஒரு கண்ணியைக்கூடக் காணோம். நூலும் நூலும் ஒன்றோடொன்று சிக்கி ஒரே கனத்த துணியாகிவிட்டிருந்தது. கன்றுக்குட்டியின் காது போல மெத்தென்று இருந்தது. இழுத்தாலும் உருளவில்லை. கூடையை இறக்கிவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து, அந்தச் சின்ன உறையை வெட்டுப்பட்ட இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"ஒரசுதா?"

"இல்ல."

"இப்ப?"

"மெத்துன்னு இருக்கு."

அவள் அதைத் தரையில் விரித்துச் சாணால் அளந்தாள். நேற்று இரண்டு சாண் இருந்தது இன்று ஒரு சாண். "அப்ப ரெட்டிப்பாப் பின்னணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இறுக்கமாக, ஒழுங்காக, சின்னக் கண்ணியாகப் பின்னத்தானே இந்தக் கைக்கு முடியாது? பெரிதாகவும் தளர்வாகவும் பின்ன இதைவிட நல்ல கை தோட்டத்திலேயே கிடையாது. மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

கார்த்திகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கம்பளிச் சட்டையின் உடம்பைப் பிரித்தாள். இந்த முறை கண்ணி பெரிதாகிவிடுமோ என்ற கவலை இல்லாததால் கை ஓடியது. விரல் இல்லாத பக்கத்தில் நூலை இரட்டையாகப் போட்டாள். ஒன்பதாம் நாள் அவள் முடித்துத் தூக்கிக் காட்டியது மேசு மாதிரியே இல்லை. மாவுச் சாக்கு மாதிரி இருந்தது. வீரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"யாருக்குக்கா இது, யானைக்கா?"

"இப்ப யானைக்கு. வேக வச்ச பெறகு எங்க வீட்டு ஆளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரத்தை அடுப்பில் ஏற்றினாள். மாயாண்டியைத் தொடவிடவில்லை. வெந்நீரில் குத்துவாள், எடுத்துப் பிழிவாள், அவன் காலில் மாட்டிப் பார்ப்பாள், திரும்பப் போடுவாள். ஐந்தாம் முறை குதிகாலில் பொருந்தியது. ஏழாம் முறை முன்பக்கம் வெட்டுப்பட்ட இடத்தில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே பச்சைத் தண்ணீரில் அமுக்கி எடுத்து, "இப்புடியே போட்டுக்கிட்டு அடுப்புக்கு நேரா ஒக்காருங்க. காயட்டும்" என்றாள். ஈர மேசோடு அவன் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். பீடி கேட்டதற்குக்கூட எழுந்திருக்க விடாமல் அவளே எடுத்துக் கொடுத்தாள். காய்ந்தபோது மேசு அந்தக் காலின் அச்சாகவே ஆகியிருந்தது.

கார்த்திகை முதல் நாள் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது மாயாண்டி சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். பேச்சியம்மா கூடையை மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவன் பின்னால் வருகிறானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சப்பாத்துச் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது. பழனியாண்டி கங்காணி பேர் வாசித்தார். மாயாண்டி குரல் கொடுத்தான். கங்காணி ஒரு தரம் அவன் காலைப் பார்த்துவிட்டு, "நாத்துமேட" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் மாயாண்டி சப்பாத்தைக் கழற்றியபோது அவளும் குனிந்து பார்த்தாள். தோல் கொஞ்சம் சிவந்திருந்தது. கிழியவில்லை.

பத்து நாள் கழித்துத் தம்பு ஐயா லயத்துக்கு வந்தார். அந்தக் காலுறையைக் கையில் வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"பேச்சியம்மா, ஆர் இதைச் செய்தது?"

"நாந்தான் ஐயா."

"இந்தக் கையாலையோ?"

"இந்தக் கையாலதான் வரும். நல்ல கையா இருந்தா சின்னதாப் பின்னிக் கெடுத்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நானுஓயா ஸ்டேசனில் வேலை செய்கிற ஒருவருக்கு ரெயில் சக்கரத்தில் அகப்பட்டுப் பாதிக் கால் போய்விட்டதென்றும், அவருக்கும் இப்படி ஒன்று பின்னித்தர ஏலுமோ என்றும் கேட்டார். தான் நூல் வாங்கிக் கொடுப்பதாகவும், காலின் அளவை ஒரு கடதாசியில் கீறிக்கொண்டு வருவதாகவும் சொன்னார்.

பேச்சியம்மா யோசிக்கவே இல்லை.

"கடதாசி வேணாம் ஐயா. ஆளக் கூட்டிட்டு வாங்க. கால் எங்க நோகுதுன்னு நான் தொட்டுப் பாக்கணும். நூலு வெள்ளையா இருக்கட்டும், சாயம் போட்டது சுருங்குமான்னு எனக்குத் தெரியாது. மாசம் ஒண்ணுதான் பின்னுவேன்."

"சரி, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் தம்பு ஐயா.

"மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றாள் பேச்சியம்மா. "காலையில வெறகு பொறுக்கப் போயிருவேன்."