புறாக்காரன் சாட்சி

மாலைத் தொழுகை முடிந்ததும் வதாத் இன்றும் காபியோடு மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அலெப்போவின் வானம் இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இந்நேரம் கூரைக்குக் கூரை புறா விடுகிறவர்களின் சீட்டியும் கொடியும் வசவுமாக ஊரே ரெண்டுபடும். அதற்குக் காதைப் பொத்திக்கொண்டவள்தான் அவள்.

அவள் புருஷன் நதீர் ஒரு புறாப் பைத்தியம். பித்தளை வியாபாரி சுப்ஹியை ஒருநாள் மாலை கடையில் யாரோ குத்திப் போட்டுவிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது நதீரை. அப்படி என்ன கண்டார்கள்? முந்தின வாரம் இருவருக்கும் வாய்ச்சண்டை. நதீரின் சட்டைக் கையில் ரத்தக்கறை. பருந்து கிழித்த புறாவைத் தூக்கியபோது பட்டது என்றால் யார் கேட்கிறார்கள்? சந்தில் ஓடியவனின் முதுகு நதீர் முதுகு மாதிரி இருந்தது என்றான் ஒரு சோப்பு வியாபாரி. முதுகைப் பார்த்து ஒரு மனுஷனைத் தூக்கில் போடுவார்களாம்!

கொலை நடந்த நேரம் நதீர் மாடியில் புறா விட்டுக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்துக் கூரைகளில் நின்ற கூட்டாளிகள் எல்லோரும் வந்து சத்தியம் செய்தார்கள். நீதிபதி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்தவன் புறாவைப் பிடித்து ஒளித்துவிட்டு, பார்க்கவே இல்லை என்று கூசாமல் சத்தியம் செய்கிற கூட்டம் அது. புறாக்காரன் சாட்சியை அந்த ஊர் என்றைக்குமே மதித்ததில்லை. பெண்டாட்டி சொன்னதும் எடுபடவில்லை.

கடைசி நாள் அபூ தர்வீஷ் கூண்டேறினான். எதிர்க்கூரைக்காரன், நதீரோடு ஜென்மப் பகை. பாவி கழுத்தறுக்க வந்துவிட்டான் என்றே வதாத் நினைத்தாள். அவன் கையில் ஒரு புறாக்கூடு. உள்ளே நதீரின் செல்லப் பெட்டை, காலில் வதாத் கட்டிய நீல மணியோடு.

“அன்னிக்குச் சாயங்காலம் இதை நான்தான் என் கூரையில இறக்கிப் புடிச்சேன் ஐயா. இவன் எதிர்ல நின்னு என் பரம்பரையையே இழுத்து வஞ்சான். பொழுது சாஞ்சு பாங்கு சொல்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையல.”

“புறாவைக் கேட்டு இவன் ஆள் அனுப்பினப்போ என்ன சொன்னே?” என்றார் அரசு வக்கீல்.

“பாக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணேன்.”

“அன்னிக்குப் பொய்ச்சத்தியம் பண்ணவனை இன்னிக்கு எப்படிய்யா நம்புறது?”

அபூ தர்வீஷ் கூட்டை நீதிபதியின் மேசைமேல் வைத்தான்.

“புறாவை வச்சுக்கிறதுக்குப் பொய் சொல்லுவோம் ஐயா, அது எங்க புத்தி. புடிச்ச புறாவைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு எவனாச்சும் பொய் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஊரில் வளர்ந்தவர்தான். வெறும் சந்தேகத்தை வைத்து உயிரை எடுக்க முடியாது என்று நதீரை விட்டுவிட்டார்.

கோர்ட் வாசலில் பகையாளிகள் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அபூ தர்வீஷ் புறாவை வதாத்திடம் நீட்டினான்.

“அவன்கிட்ட சொல்லிடு தங்கச்சி. பகை பகைதான்.”

சொன்னபடியே மறுவாரம் அதே பெட்டையை மறுபடி பிடித்துக்கொண்டான்.

“அடேய் அபூ தர்வீஷ், நீ வெளங்குவியாடா, திருட்டுப்பயலே!” என்று நதீர் மாடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். வதாத் மாவுக் கையோடு ஓடி வந்து, சுவரில் சாய்ந்து, அந்தக் கத்தலை அழுதுகொண்டே கேட்டாள். கயிற்றுக்குப் போகவிருந்த தொண்டை அல்லவா அது.

நதீரும் அபூ தர்வீஷும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காபி ஆறிப்போகிறது. எதிர்க்கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் வதாத்துக்கு, அந்த வசவை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று இருக்கிறது.