ஊதா போன குழாய்

1
இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. என் தங்கையும் அவள் கணவரும் சாப்பாட்டு மேசையில் வாரம் தவறாமல் போடும் சண்டையிலிருந்து திருடியது.

2
'ஆய்வக ஜன்னலில் மழை வழிந்துகொண்டி…'
வேண்டாம். அன்று மழையே இல்லை. தங்கை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

எண்ணெய் ஆலையின் ஆய்வகம். தற்காலிக ஊழியர்கள் இருவர். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. ஒருத்தி என் தங்கை. இன்னொருவரை, கண்ணாடியின் தடிமனுக்காக, அவள் 'சோடாபுட்டி' என்பாள்.

3
(பரிசோதனையைச் சொல்லாமல் நகர முடியாது. பர்மாங்கனேட்டின் ஊதா நீரை எண்ணெயில் சொட்டவிட்டுக் குலுக்க வேண்டும். ஊதா நிலைத்தால் எண்ணெய் நிறைவுற்றது. ஊதா போய்ப் பழுப்பு படிந்தால் நிறைவுறாதது; அதில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. இங்கே காதலுக்கு ஓர் உவமை எழுதினேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

4
நிறைவுற்றதாக இருக்க வேண்டிய எண்ணெயில் சோடாபுட்டிக்குப் பழுப்பு வந்தது. 'நிறைவுறாதது' என்று கையெழுத்திட்டார். ஒரு லாரி எண்ணெய் திரும்பிப் போனது. மறுநாள் மேலாளர் அதே எண்ணெயைத் தன் அறையில் வேறு குழாயில் சோதித்துப் பார்த்தார், ஊதா அசையவில்லை.

தங்கைக்குக் காரணம் தெரியும். சோதனைக் குழாய்களை ஸ்பிரிட்டில் அலசி, காயவிடாமல் தக்கை போட்டு அடுக்கியவள் அவள்தான். ஸ்பிரிட்டும் ஊதாவைத் தின்னும். வாய் திறக்காவிட்டால் வேலை அவளுக்கு.

5
சோடாபுட்டி அதே வரிசையில் இன்னொரு குழாயை எடுத்தார். எண்ணெய் விடவில்லை; ஊதா நீர் மட்டும். காத்திருந்தார். பழுப்பு.

"குழாய் கழுவினது யாருங்க?"

"ஏன், பரிசு குடுக்கவா?"

"இல்ல, காய வெச்சுட்டு மூடச் சொல்லலாம்னு."

அவ்வளவுதான். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

6
முடிவு ஒன்று: அவள் மௌனமாக… இல்லை, என் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை. (கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தாளாம். அவளே சொன்னது.)

முடிவு இரண்டு: மேலாளர் வாசலில் வந்து நின்றார். "இந்தக் கூத்துக்கு யாருய்யா பொறுப்பு?"

"நான்தான் சார்."

இரண்டு குரல்கள். வேலை மூன்றாவதாக ஓர் ஆளுக்குப் போனது.

7
"நான்தான் முதல்ல சொன்னேன். அப்படியே எழுதுக்கா."

"எழுதாதீங்கக்கா! இவ வாயத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லி முடிச்சாச்சு."

'முதலில் சொன்னது…'

இந்த வரியை நான் முடிக்கப்போவதில்லை. யாரை எழுதினாலும் மற்றவருக்கு என் வீட்டில் சோறு இறங்காது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதை மட்டும் அவர்களிடம் காட்டிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வருகிறார்கள்.