போல்கிளேஸ் என்ற பெயரும் அதைச் சார்ந்த தண்ணீரும்

லவ்டே கல்யாணமாகி வந்து, தன்னைத் திருமதி போல்கிளேஸ் என்று முதல்முறை சொல்லிக்கொண்ட அன்றே அவள் கொல்லையில் பச்சைத் தண்ணீர் ஊறிக் குளமாக நின்றது. தென் ஆஸ்திரேலியாவில் செம்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் ஆறும் கிடையாது, ஊற்றும் கிடையாது. மழைத்தொட்டி வற்றினால் வண்டிக்காரனிடம் பீப்பாய்த் தண்ணீர் வாங்க வேண்டியதுதான். குளத்தைப் பார்க்க வந்த ஒரு சுரங்க மேற்பார்வையாளர், நாம் இங்கிலாந்தில் விட்டுவந்த கார்ன்வாலின் பழைய பேச்சில் அந்தப் பெயருக்குப் பச்சைக் குளம் என்றுதான் அர்த்தம், இதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தொப்பியில் மொண்டு குடித்துவிட்டுப் போனார். புருஷன் ஜோரி பாறை சரிந்து செத்த பிறகும், பெயர் அவளிடமே இருந்ததால் குளமும் இருந்தது. அவள் வெள்ளாவி அடுப்பு வைத்து, 'போல்கிளேஸ் சலவை' என்று பலகை எழுதி மாட்டினாள்.

கடைத்தெருவில் இன்னொரு போல்கிளேஸ் இருந்தார். மூன்று மாடிக் கடைக்காரர் எலைஷா. ஜோரிக்கு எந்த வகையிலும் உறவில்லை. ஊசி முதல் சவப்பெட்டி வரை விற்ற அந்தக் கடையின் நெற்றியில் ஆள் உயரத் தங்க எழுத்தில் அதே பெயர் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஏனென்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் புழங்கிய விதமும் வேறு. துணியை இழுத்துப் பிடித்து அளந்து ஏமாற்றுபவனிடம், "என்னையே போல்கிளேஸ் பண்றியா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு ஞாயிறு ஆராதனைக்குப் போட அதே கடையில்தான் தொப்பி வாங்குவார்கள்.

சுரங்க மேலாளரின் மனைவி, லவ்டேயின் இஸ்திரியில் தீய்ந்துபோன சட்டைக் கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய், கூட்டத்தின் நடுவே எலைஷாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். போல்கிளேஸ் என்றால் எல்லாம் ஒரே போல்கிளேஸ்தானே என்பது அவள் கட்சி. அன்று சாயங்காலமே எலைஷா லவ்டேயின் வேலியோரம் வந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை.

"பலகைய இறக்கு. அது எங்க பேரு."

"எம் புருஷன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். நீங்க வேணா உங்க பலகைய இறக்குங்க."

"கோர்ட்டுல வாங்கிக் காட்டுறேன். பேரையும் அதோட சேந்த எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? நல்லா யோசிச்சுக்கங்க ஐயா" என்றாள் அவள், துணியைப் பிழிந்தபடி.

அவர் யோசிக்கவில்லை. கோடை முழுக்க அவள் தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்த பெண்களே அடிலெய்டு கோர்ட்டு வரை ரயிலேறிப் போய், இரண்டு பெயருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தோம் என்று சாட்சி சொன்னார்கள். வெட்கம் கெட்ட ஜனம். போல்கிளேஸ் என்ற பெயரும் அதைச் சார்ந்த அனைத்தும் கடைக்கே உரியவை, அந்த விதவை தன் தகப்பன் பெயரான கிட்டோவையே இனிப் பயன்படுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. கிட்டோ என்ற பெயருக்குத் தண்ணீர் வராது. மறுநாள் காலையில் அவள் கொல்லையில் வெடித்த சேறுதான் கிடந்தது. ஊறப்போட்ட துணிகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. லவ்டே வெள்ளாவி அடுப்பின் முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். விலைத் தண்ணீரில் துவைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

குளம் கடைக்குள் இருந்தது. தரைத்தளத்தில், கையுறைப் பகுதிக்கும் தொப்பிப் பகுதிக்கும் நடுவே, முழங்கால் அளவு பச்சையாக நின்றது. எலைஷா பம்பு வைத்து இறைத்தார், சிமென்ட் கொட்டினார், போதகரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினார். இறைத்ததெல்லாம் கடை திறப்பதற்குள் திரும்பி வந்தது. ரிப்பன் அலமாரியில் தவளைகள் குடியேறின. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையுறை வாங்கப் பழகினார்கள்.

லவ்டே இரண்டு வாளிகளோடு முன்வாசல் வழியாகவே வந்தாள். சலவைக்காரிகள் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று சொல்லக் கடை ஆள் ஒருவன் வந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்துகொண்டான். சுமந்து கை ஓய்ந்தபின் அவள் அழுக்கு மூட்டையையே அங்கே கொண்டுவந்தாள். பிறகு அடுப்பு. சவப்பெட்டிப் பகுதியிலிருந்து பட்டுப் பகுதி வரை கொடி கட்டினாள். ஒருநாள் எலைஷா நனைந்த காலோடு அவள் எதிரில் வந்து நின்றார்.

"பேரைத் திருப்பி எடுத்துக்கோ. கோர்ட்டுல நானே எழுதிக் குடுக்குறேன்."

"எங்கப்பன் பேரே எனக்குப் போதும்" என்றாள் லவ்டே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, துணியில சேறு தெறிக்குது."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. எலைஷா செத்து, மகன் வந்து, அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போதும் கடையின் லிப்ட் கீழே வந்து நின்றதும், அதை ஓட்டுபவர் கம்பிக் கதவை இழுத்துவிட்டு, வழக்கமான குரலில் அறிவிக்கிறார்: "தரைத்தளம். கையுறை, தொப்பி, சலவை."